மூடிய பெட்டியில் பிழைத்தவை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் சொன்னால் ஆளுக்கு ஒரு பக்கம் கத்திவிட்டு வைத்துவிடுவோம். அதனால் எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

போன வாரம் உன் கிளினிக்குக்கு ஒரு சின்னக் குப்பி கொண்டுவந்தேனே, மைக்ரோபயாலஜி செய்முறைக்கு? "பல் பிடுங்குறவளுக்கே பாடமாடி?" என்று சிரித்துக்கொண்டே நீதான் அதை ஸ்டீல் பெட்டிக்குள், குறடுகளுக்கு நடுவே வைத்து, நீராவியால் கிருமியைக் கொல்லும் ஆட்டோகிளேவில் ஏற்றினாய். அந்தக் குப்பியில் லேசில் சாகாத ஒரு கிருமியின் வித்துகள் இருக்கின்றன. அவை செத்தால் மற்றதெல்லாம் செத்த மாதிரிதான். குப்பி ஊதாவாகவே இருக்கும். பிழைத்துவிட்டால் மஞ்சளாகும்.

உன்னுடையது மஞ்சளாகிவிட்டது, அக்கா. வகுப்பில் எல்லோரும் "ஊதா, ஊதா" என்று காட்டிக்கொண்டிருக்க, நான் மட்டும் என் குப்பியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

ரெக்கார்டு நோட்டில் கிளினிக் பெயரோடு உள்ளதை எழுதிவிட்டேன். மேடம் இன்னும் பார்க்கவில்லை. இந்த மாதக் கடைசிக்குள் கையெழுத்துக்கு வாங்குவார். அதற்குள் எங்கே தப்பு என்று கண்டுபிடி. மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் பாப்பா

மார்ச் 8

பாப்பா,

கடிதம் கிடைத்தது. இரண்டாம் வருஷத்தில் நாலு கிருமியின் பெயரைப் படித்ததும் அக்காவுக்கே வகுப்பெடுக்கக் கிளம்பிவிட்டாய். சந்தோஷம்.

ஒன்பது வருஷமாகக் கிளினிக் நடத்துகிறேன். பெட்டிமேல் ஒட்டும் டேப் ஒவ்வொரு தடவையும் கோடு கோடாகக் கறுக்கிறது. என் கண்ணால் பார்க்கிறேன். உன் குப்பி பஸ்ஸில் குலுங்கிக் கெட்டுப்போயிருக்கும்.

இந்தத் தெருவில் ஒரு பேச்சு கிளம்பினால் போதும், நான் கதவைச் சாத்திவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். அது உனக்குத் தெரியாதா? ஊதா என்று மாற்றி எழுது. ஒரே ஒரு சொல். உன்னைக் கல்லூரியில் சேர்க்க எத்தனை படி ஏறி இறங்கினேன் என்று நான் என்றைக்காவது சொல்லிக்காட்டியிருக்கிறேனா? அதைக்கூடச் செய்ய மாட்டாய் என்றால் லீவுக்கு இங்கே வராதே.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

வராதே என்று எழுதிவிட்டாய். அழுது முடித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

வெளியே சூடு பட்டது மட்டும்தான் அந்த டேப்புக்குத் தெரியும். உள்ளே நீராவி போனதா என்று தெரியாது. கோபப்படாமல் பதில் சொல். முன்பெல்லாம் காகித உறையில் போட்டுத்தானே ஏற்றுவாய்? கிழிந்துபோகிறது என்று அந்த ஸ்டீல் பெட்டிக்கு எப்போது மாறினாய்? அதன் மூடியில் ஒரு ஓட்டைகூட இல்லை. நீராவி எப்படி நுழையும்?

இரண்டு குப்பிகள் அனுப்புகிறேன். ஒன்றைப் பெட்டியில் வை, இன்னொன்றைக் காகித உறையில். பிறகு எதிர் லேப்காரரிடம் கொடுத்து இரண்டு நாள் சூட்டுப்பெட்டியில் வைக்கச் சொல். நான் பொய் சொல்கிறேன் என்றால் குப்பியே சொல்லிவிடும்.

ரத்தத்தில் ஒட்டிக்கொண்டு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும் மஞ்சள்காமாலையைப் போன வாரம்தான் படித்தோம். உன் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் முகமெல்லாம் என் கண்முன் வருகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

பாப்பா

மார்ச் 19

அக்கா,

எட்டு நாளாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போனையும் எடுக்கவில்லை. சரி, உன் பிடிவாதமே ஜெயித்தது.

நேற்று பிளேடால் அந்தச் சொல்லைச் சுரண்டிவிட்டு ஊதா என்று எழுதினேன். இன்று காலை மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். "ரொம்ப சுத்தமா எழுதியிருக்கேம்மா" என்றார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

படிப்பை முடித்து நானும் நாலு பேர் வாயில் கருவியை வைக்கப்போகிறவள். முதல் பொய்யை உனக்காக எழுதிவிட்டேன். உன்னை இழக்க எனக்குத் தைரியம் இல்லை. பெட்டியை மட்டுமாவது மாற்றிவிடு. வேறு எதுவும் கேட்கமாட்டேன்.

பாப்பா

மார்ச் 19

என் செல்லப் பாப்பாவுக்கு,

உன் 11ஆம் தேதிக் கடிதத்துக்குப் பதில் போடாமல் எட்டு நாள் உன்னைத் தவிக்கவிட்டேன். மன்னித்துக்கொள். குப்பிகளை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு மனசு கேட்கவில்லை. நீ சொன்னபடியே செய்தேன். காகித உறையில் வைத்தது ஊதா. பெட்டியில் வைத்தது நல்ல மஞ்சள்.

பெட்டிக்கு மாறி ஏழு மாதம் ஆகிறது. கிளினிக்கைப் பூட்டிவிட்டேன். மாமா நோயாளிகள் ரிஜிஸ்டரைப் பார்த்துப் பெயர் வாசிக்கிறார், நான் ஒவ்வொருவராகப் போன் செய்கிறேன். முதலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கூப்பிட்டேன். "பல்லு நல்லாத்தான் இருக்கு டாக்டர்" என்றார். ரத்தம் பார்க்கணும், தப்பு என்மேல்தான் என்று சொல்லிவிட்டேன். இன்னும் நூற்று எண்பது பேர் இருக்கிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் மூச்சு முட்டவில்லை.

நான் அப்படிக் கேட்டும் நீ மசியாமல் குப்பிகளை அனுப்பினாய். உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது. உன் மேடத்துக்கும் இன்றே கூரியரில் இரண்டு குப்பிகளையும் ஒரு கடிதத்தையும் அனுப்பிவிட்டேன். "மாற்றி எழுதச் சொல்லி நான் மிரட்டினேன், அவள் மாற்றவில்லை. அவள் நோட்டைத் திறந்து வகுப்புக்கே படித்துக்காட்டுங்கள்" என்று எழுதியிருக்கிறேன். நாளை காலை வகுப்பு தொடங்கும்போது அவர் கையில் இருக்கும்.

லீவுக்கு வா.

உன் அக்கா