புது ப்ரொசசரின் வேகம்

இரத்தோட்டை பஸ்ஸுக்கு நேரமாகியும், மாத்தளையில் கம்பியூட்டர் வகுப்பு எடுக்கும் மரிய கொறற்றி, வேலைக்குப் போயிருந்த புருஷன் ரபாயேலுக்கு நின்றபடியே எழுதினாள். அழுத்திய அழுத்தில் தாள் கிழியாததே பெரிய விஷயம்.

"சோறு சட்டியில இருக்கு. பருப்பைச் சூடாக்கிக்கிங்க. அம்மா வீட்டுக்குப் போறேன். செக்பொயின்ட்ல ஆமிக்காரங்க எறக்கி ஏத்துவாங்க, வர இருட்டிரும். தேட வேணாம்.

உங்க கேமுக்குப் பழைய பென்டியம் ஃபோர் ப்ரொசசரே போதும், கிராபிக்ஸ் கார்டைத்தான் மாத்தணும்னு கடையில சொன்னேன். 'பொம்பளைக்கு என்ன தெரியும்?'னு அத்தனை பேர் முன்னாலயும் சிரிச்சீங்க. கோர் டூ டுவோதான் வேணும்னு வாங்கியும் வந்தீங்க. ஞாயித்துக்கிழமை நீங்க பூசைக்குப் போனப்ப அதைக் கழட்டிட்டுப் பழசையே மாட்டிட்டேன். அன்னையில இருந்து அதுலதான் விளையாடுறீங்க. ஒவ்வொரு நாளும் 'புதுசோட வேகமே வேகம்'னு என்கிட்டயே சொல்றீங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள். தாளின் அடியில் மிஞ்சியிருந்த இடத்தில் நெருக்கி எழுதினாள்:

"சாயங்காலம் உங்க கூட்டாளி ஜெயரட்ணம் புதுசைப் பாக்க வர்றாராம். மேசை லாச்சியை இழுங்க, அதுக்குள்ள இருக்கு. எடுத்துக் காட்டுங்க."