ஆறு போட்ட மெட்டு

ஜூலை 9

இன்றும் பன்னிரண்டு மணிக்கு அபாயச் சங்கை ஊதிப் பார்த்தார்கள். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அம்மா பாட்டுக்குத் துணி அலசிக்கொண்டிருந்தாள். போன வருஷம் நிஜமாகவே ஊதினபோதும் இப்படித்தான். கடைசியில் அவளைக் கூரைமேலிருந்து இறக்கினோம். ஊராட்சி அலுவலகத்தில் ஆற்று மட்டம் பார்க்கிற வேலை எனக்கு. பெற்ற தாயை அவள் காலாலேயே மேட்டுக்கு நடக்கவைக்கத் துப்பில்லை. இந்த லட்சணத்தில் 'வெள்ள எச்சரிக்கைப் பொறுப்பாளர் நெரிஸா' என்று கழுத்தில் அட்டை வேறு.

ஜூலை 14

பாலத்தடிக் கருவி பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஆற்றின் உயரத்தை என் கணினிக்கு அனுப்புகிறது. எண்ணாக வந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? பாட்டாக வந்தால்? சாவு வீட்டிலும் கரோக்கி வைத்துப் பாடுகிற ஜனமாயிற்றே நாம்.

ஜூலை 20

செய்துவிட்டேன். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சுரம். தண்ணீர் ஏறினால் சுரம் ஏறும், தாளமும் வேகமாகும். தினமும் மாலை ஐந்துக்கு அன்றைய ஆறு ஒலிபெருக்கியில் வரும். மட்டம் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் மணி பார்க்காமல் தானாகவே தொடங்கிவிடும்.

ஊராட்சித் தலைவர் கேப்டன் ரோமுலோ கண்ணை மூடிக் கேட்டார். "ஆறு நல்லாத்தான் பாடுது. நடுவுல என் பேரு ஒரு தடவ வருமா?" என்றார்.

ஜூலை 28

மழை இல்லை. இன்று முழுக்க ஆற்றுக்கு ஒரே சுரம். மேட்டில் இருக்கும் கூரை போட்ட கூடைப்பந்துத் திடலில் பெண்களுக்கு ஜூம்பா ஆடச் சொல்லிக்கொடுக்கும் செலியா அக்கா, வழியில் பிடித்துக்கொண்டாள்.

"நேத்து உன் பாட்டுக்கு ஆட ஜோரா இருந்துச்சு. இன்னிக்கு என்ன, இழவு மாதிரி இழுக்குது?"

"மலையில மழை இல்லக்கா."

"அதெல்லாம் எனக்கு எதுக்கு? வேகமா ஏதாவது விடு."

இல்லாத தண்ணீரை இருப்பதாகக் காட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொண்டாள். கோபித்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 6

இரண்டு நாளாக நல்ல மழை. திடலில் நாற்பது பெண்கள் ஆற்றுக்கு ஆடுகிறார்கள். இரண்டாவது வரிசையில் என் அம்மா, வீட்டுச் செருப்போடு! ஒருத்திக்காவது பயம் வந்ததா? கைதட்டல்தான் வந்தது.

ஆகஸ்ட் 19

நகராட்சியிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். "எச்சரிக்கைன்னா வயித்தக் கலக்கணும்மா. இங்க இடுப்பையில்ல ஆட்டுறாங்க." செப்டம்பர் ஒன்றிலிருந்து பாட்டு கிடையாது, சங்கு மட்டும்தான் என்று உத்தரவு.

அவர் சொன்னது சரி. அதுதான் எரிகிறது.

ஆகஸ்ட் 27

மதியம் இரண்டே கால். திடீரென்று ஒலிபெருக்கி. இவ்வளவு வேகமாக நான் கேட்டதே இல்லை. இங்கே வெறும் தூறல்தான், மலையில் கொட்டியிருக்கிறது. ஆற்றங்கரைத் தெருவுக்கு ஓடினேன். முதல் வீடு பூட்டியிருந்தது. அடுத்தது, அதற்கடுத்தது — ஆளில்லை. அம்மா வீட்டில் அடுப்பு சூடாக இருக்கிறது, அம்மா இல்லை. படியில் தண்ணீர். ஐயோ, எங்கம்மா போய்த் தொலைஞ்ச? ஆத்தப் பாக்கப் போனியா? கத்திக் கத்தித் தொண்டையே போயிருச்சு. யாரைன்னு போய்க் கேக்கறது, தெருவுல ஒரு ஈ காக்கா இல்லையே —

திடலில் இருந்தார்கள். மொத்தத் தெருவும். செலியா அக்கா முன்னால் நின்று தாளம் எண்ணிக்கொண்டிருக்க, ஆம்பளைகள்கூட ஆடினார்கள். ஓரத்தில் வரிசையாக அரிசி மூட்டை, டிவி, கூண்டில் சேவல்கள், பிளாஸ்டிக் பையில் சுற்றிய குழந்தை யேசு சிலை. அம்மாவைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"எதுக்குடி அழுவுற? ஆடத்தான வந்தேன்."

"ஆட வர்றவளுக்கு கேஸ் சிலிண்டர் எதுக்கும்மா?"

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "சங்கு ஊதுனதும் மூட்டையத் தூக்கிட்டு ஓடி, வெள்ளம் வரலைன்னா? பக்கத்து வீட்டு லூர்து ஒரு தடவ அப்படி ஓடிட்டு, மூணு மாசம் தலகாட்ட முடியல அவளுக்கு. இதுன்னா, ஆடப் போனேன்னு சொல்லிக்கலாம்ல."

நான்கு மணிக்குத் தெருவில் இடுப்பளவு தண்ணீர்.

செப்டம்பர் 1

சங்கு ஊதவில்லை. பாட்டை நிறுத்துகிற பேச்சையே அதிகாரி எடுக்கவில்லை.

ஆறு இறங்கிக்கொண்டே இருப்பதால் பாட்டு ஒரே இழுவை. சேறு வாரிய கையோடு எல்லாரும் வந்து ஆடினார்கள். நானும் முதல் தடவையாக அம்மா பக்கத்தில் நின்று ஆடினேன். எனக்குத் தாளமே வரவில்லையாம்.