பின் சக்கரத்துக் கம்பிகள்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் எங்கள் நாள் நகர்கிறது, உனக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று காலையும் மாலையும் கும்பிடுகிறேன். சனிக்கிழமை சைக்கிள் கடையில் நான், உன் அப்பா, கடைக்காரர் மூன்று பேர்தான் இருந்தோம். அப்பா சைக்கிளில் பின் சக்கரத்து ஸ்போக்ஸ் கம்பி மறுபடி அறுந்துவிட்டது. நீ பள்ளிக்கூடம் போன காலத்துச் சக்கரம், இத்தனை வருஷம் ஒரு கம்பி போனதில்லை, இந்த மழைக்குப் பிறகு இது மூன்றாவது தடவை. செலவை வீட்டுக் கணக்கில் எழுதும்போதெல்லாம் ரோட்டைத்தான் திட்டினேன். கடைக்காரர், என்ன சார், நீங்க ஓட்டுறீங்களா, சிமெண்டு மூட்டையை ஏத்தி அனுப்புறீங்களா என்றார். அப்பா என்னைக் காட்டி, மூட்டை இதோ நிக்குதே என்றார். நானும் சிரித்தேன்.

அப்பா டீக்குப் போனதும் கடைக்காரர் குரலைத் தாழ்த்தினார். ரோடு அதே ரோடுதாம்மா, முன்னெல்லாம் சார் பள்ளத்தைப் பார்த்தா சீட்டை விட்டு எழும்பிடுவாரு, பாரம் காலுக்குப் போயிடும், இப்ப உட்கார்ந்தபடியே இறக்குறாரு, அத்தனை அடியும் பின் சக்கரத்துக்குத்தான் என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேரியரில் உட்கார்ந்திருக்கும்போது சீட்டு ஸ்பிரிங் கிரீச்சென்றால் அவர் எழும்புகிறார், பள்ளம் வருகிறது என்று பிடித்துக்கொள்வேன், உனக்கும் அந்தப் பழக்கம்தானே. கொஞ்ச நாளாக அந்தச் சத்தமே இல்லை, இடுப்பு நொறுங்க அடி விழுந்த பிறகுதான் பள்ளமென்று தெரிகிறது. ஸ்பிரிங்குக்கு எண்ணெய் போட்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன் பார்.

வீட்டுக்கு வந்து கேட்டேன். முதலில் முறைத்தார், பிறகு, எழும்பினா வலது கால் இருக்குறதே தெரியலைடி என்றார். டாக்டரிடம் வரமாட்டாராம், டாக்டர் சைக்கிளை விடச் சொல்லிவிடுவாராம், கடைக்காரரிடம் தடித்த கம்பியாகப் போடச் சொல்லியிருக்கிறார், அது போதுமாம். காலுக்குப் பார்க்கிற வைத்தியத்தைச் சக்கரத்துக்குப் பார்க்கிறார். நேற்று நம் தெருத் திருப்பத்தில் வலது காலை ஊன்ற முடியாமல் சுவரில் சாய்ந்து நின்றார், பின்னால் லாரி. நான் கதவருகில் நின்று பார்த்தேன், அவருக்குத் தெரியாது.

நான் சொன்னால் கேலியில் போய்விடும். நீ சொன்னால்தான் மறுபேச்சு பேசமாட்டார். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, பள்ளத்தில் எழும்புகிறீர்களா அப்பா என்று மட்டும் கேள், உன்னிடம் அவருக்குப் பொய் வராது. வேளைக்குச் சாப்பிடு, படுக்கும் முன் சாமியை நினை. அவன் காவல் உன்னோடு இருக்கட்டும்.

உன் அம்மா

இந்தக் கடிதம் கிடைத்ததும் அப்பாவுக்கு எழுது, சீக்கிரம் எழுது.