நாற்பத்தொரு குச்சிகள்

ஜூன் 3

கொக்கு மாமா,

உடம்பு எப்படி இருக்கிறது? ஆபரேஷனுக்குத் தேதி சொன்னார்களா? இங்கே டவர் கிடைக்காத கொடுமையில், ஐந்தாம் வகுப்போடு நின்றவளைக் கடிதம் எழுத வைத்துவிட்டீர்கள். பிழை பார்த்து வார்டே சிரிக்கும்படி வாசிக்காதீர்கள்.

உங்கள் காவல் வேலைக்குப் பதிலாளாகச் சதுப்பு நிலத்தை நான்தான் சுற்றி வருகிறேன். ரேஞ்சர் சரி சொல்லிவிட்டார். ஆனால் உங்கள் அழுகண்ணிச் செடி லேசில் கண்ணில் படுகிறதா? சட்டைப் பொத்தான் அளவு, அதுவும் தரையோடு ஒட்டிக்கொண்டு. ஊற்று கசிகிற மணலில் குனிந்து குனிந்து தேடி இடுப்பே போச்சு. முந்தாநாள் ஒன்றை மிதிக்கப் பார்த்தேன். உயிரே போய்வந்தது.

அதனால் ஒரு வேலை செய்தேன். என் பழைய சிவப்புச் சேலையைக் கிழித்து, ஒவ்வொரு செடிக்குப் பக்கத்திலும் குச்சி நட்டுத் துணி கட்டிவிட்டேன். மொத்தம் நாற்பத்தொன்று. இனி தூரத்திலிருந்தே தெரியும். எப்படி என் மூளை?

கொஞ்சம் ஆட்டு எரு போடட்டுமா? பாவம், வாடினாற்போல் இருக்கின்றன.

உங்கள் வாத்து


ஜூன் 9

என் வாத்துக்கு,

எரு போட்டால் செத்துப்போகும். அந்த மண்ணில் சத்து கிடையாது. அதனால்தான் இலையில் பசைத் துளியை வைத்துக்கொண்டு கொசுவையும் எறும்பையும் பிடித்துத் தின்கிறது. புல் உயர்ந்து வெயிலை மறைத்தால் அதை மட்டும் கையால் பிடுங்கு.

இந்தக் கடிதம் கண்டதும் குச்சிகளை எடுத்துவிடு. பத்தொன்பது வருடம் ஓர் அடையாளமும் வைக்காமல் ஏன் நடந்தேன் என்று நினைக்கிறாய்? மருந்துக்கென்று தோண்டி விற்கிறவன் ஒரு தடவை பார்த்தால் போதும். சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் அது மிச்சமில்லை.

கோபம் இல்லை. உனக்குச் சொல்லாமல் விட்டது என் தப்பு.

ஆபரேஷன் இருபதாம் தேதி. பக்கத்துக் கட்டில் தையல்காரர் பகலிலேயே குறட்டை விடுகிறார். உன்னைவிடப் பரவாயில்லை.

கொக்கு


ஜூன் 13

மாமா,

குச்சிகளை எடுத்துவிட்டேன். நாற்பத்தொன்றும் இருக்கிறது. எரு போடவில்லை. கவலைப்படாமல் மருந்து சாப்பிடுங்கள்.

வாத்து


ஜூன் 16

வாத்து,

நீ இவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் பார்த்ததில்லையே. காய்ச்சலா? ஆனாலும் உன் கடிதம் வந்த பிறகுதான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இருபது தேதிக்கு மேல் பூக்கும். சின்ன வெள்ளைப் பூ, காலையில் கொஞ்ச நேரம்தான் விரியும். எனக்காக ஒரு தடவை பார்த்துவிடு.

கொக்கு


ஆகஸ்ட் 2

கொக்கு மாமா,

நம் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்த ஜீப் டிரைவரிடம் இதைக் கொடுக்கப் போவதில்லை. கொடுத்தால் அவர்தான் எங்கே கொண்டுபோவார்?

குச்சிகளை எடுக்கச் சொன்ன உங்கள் கடிதம் கையில் கிடைத்ததுமே ஓடினேன். குச்சி ஒன்றுகூடச் சாயவில்லை. சிவப்புத் துணி எல்லாம் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. ஒவ்வொன்றின் காலடியிலும் கரண்டியால் அள்ளினாற்போல் ஒரு குழி. குழியில் தண்ணீர். நானே வழி காட்டி, நானே கொடி கட்டி, அள்ளிக்கொண்டு போங்கள் என்று கொடுத்திருக்கிறேன்.

குச்சிகளை எடுத்தேன் என்று எழுதியது உண்மைதான் மாமா. நாற்பத்தொன்று என்றது குச்சிகளை எண்ணி எழுதியது.

ஆபரேஷன் ஆன மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து, "பூ வந்துச்சா?" என்றுதான் கேட்டீர்கள்.

"வந்துச்சு மாமா."

"எத்தனை?"

"எண்ண முடியல. வெள்ளை வெளேர்னு கொட்டிக் கெடக்கு."

"எண்ணியிருக்க மாட்டே. சோம்பேறி வாத்து" என்று சிரித்தீர்கள். அதோடு சரி. அப்புறம் நீங்கள் பேசவே இல்லை.

உங்கள் துணிமணியை மூட்டை கட்டும்போது தையல்காரர் பக்கத்தில் வந்தார். "ஒரே உங்க பேச்சுத்தாம்மா. 'என் வாத்து என்னைவிட நல்லா பாத்துக்குறா'ன்னு ஊசி போட வர்றவங்ககிட்டகூட சொல்லிட்டிருந்தாரு" என்றார். அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

வெள்ளிக்கிழமை குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். புதுக் காவலர் வந்துவிட்டார். நல்ல மாதிரியாகத்தான் தெரிகிறார். ஆனால் வாய் ஓயாது. டீக்கடையில் பாதிப் பேருக்கு இதற்குள் தோஸ்த். "அக்கா, இங்க விசேஷமா பாத்துக்க வேண்டியது ஏதாச்சும் இருக்கா?" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இன்று காலையில் கடைசியாக ஒரு தடவை போனேன். அன்றைக்கு நான் ஓடியபோது மணலில் புதைந்த குதிகால் தடம் ஒன்று இன்னும் ஓரத்தில் இருக்கிறது. அதற்குள் சிவப்பாக என்னவோ தெரிந்தது. முழங்கால் போட்டுக் குனிந்து பார்த்தேன். உளுந்து அளவுதான் இருக்கும். நுனியில் ஒரு துளி. அதில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டிருந்தது.

காட்டிக்கொடுத்தால் யார் யார் காதுக்குப் போகுமோ. காட்டாமல் போனால் அவர் பூட்ஸ் காலில் மிதிபட்டுவிடும்.

நாளைக்கு அவரைக் கூட்டிப்போய்க் காட்டட்டுமா மாமா, வேண்டாமா?