குறுக்கு விசாரணை இல்லை

பிப்ரவரி 9, திங்கள்
காலையில் பனி. படப்பையில் ஷேர் ஆட்டோவுக்கு அரை மணி நேரம். வியாழன் தேவகி கேஸ். கம்பெனியில் தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் இடது கையில் மூன்று விரல் போனவள். அவள் கவனக்குறைவுதான் என்று சொல்லி வேலையை விட்டும் நிறுத்திவிட்டார்கள். அப்படிச் சாட்சி சொன்ன சூப்பர்வைசரைக் குறுக்கு விசாரணை செய்யவேண்டும். இதுவரை நான்கு வாய்தா. நான்குக்கும் ஒரே காரணம்: சீனியர் பாராளுமன்றத்தில்.

முதல் தடவை அதைச் சொன்னபோது என்ன பெருமை எனக்கு.

வாங்க: மனுவுக்குப் பச்சைத் தாள், கோட்டுக்குப் பொத்தான், பி.பி. மாத்திரை.

10, செவ்வாய்
சீனியர் சார் டெல்லியிலிருந்து போனில்: "நானே வரேம்மா. நீ அந்த சூப்பர்வைசரைத் தொடாதே. ஒரு கேள்வி தப்பாக் கேட்டாலும் கேஸ் போயிடும்."

பதினாலு வருட ஜூனியர். இன்னும் தொடக்கூடாது.

ஆனால் ஒரகடம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, ஷிப்ட் முடிந்து வருகிறவர்களிடம் வக்காலத்தில் கையெழுத்து வாங்கினவர் அவர்தான். மழை வந்தால் கேஸ் கட்டைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடுவார். அந்த மனிதரை நம்பித்தான் நானும்.

11, புதன்
தேவகி சேரப்பணஞ்சேரியிலிருந்து வந்தாள்.
"சார் நாளைக்கு வந்துடுவாரா மேடம்?"
"வரேன்னு சொல்லியிருக்கார்."
"அவருக்குத்தான் ஓட்டு போட்டேன். மை அழியறதுக்குள்ள வெரலே பூட்ச்சு." சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேள்விகள் எழுதினேன். பதினொன்று. சார் பார்த்துத் திருத்துவார் என்று பக்கத்தில் இடம் விட்டு.

12, வியாழன்
வெயில். 11.40க்குக் கூப்பிட்டார்கள். சாரிடமிருந்து மெசேஜ்: 'இன்று அவையில் பேசுகிறேன். வாய்தா வாங்கிவிடு.'

நீதிபதி: "வக்காலத்துல உங்க பேரும் இருக்கேம்மா. நீங்களே கேளுங்க."

கூண்டில் சூப்பர்வைசர், கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்தபடி. தாள் என் கையில். வாய் திறந்தேன். வந்தது: "சீனியர் பாராளுமன்றத்தில், அய்யா."

கம்பெனி வக்கீல் சிரித்தார். 'குறுக்கு விசாரணை இல்லை' என்று பதிவாயிற்று. சாட்சியம் முடிந்தது.

தேவகி பின் பெஞ்சில். புரிந்ததா தெரியவில்லை. பஸ் ஏறினாள்.

13, வெள்ளி
சார் பேசின வீடியோ. ஆலைகளில் விரல் இழக்கும் பெண்களைப் பற்றி. நல்ல பேச்சு. கண் கலங்கினேன், வெட்கம்.

போன் செய்தார். "சாட்சியை மறுபடி கூப்பிட மனு போடு. நான் வரலைன்னு அதுல எழுதாதே, என் பேர் வேணாம். எவனாவது பார்த்தா அரசியல் பண்ணுவான்." காரணம் என்று ஒரு பத்தி எழுதவேண்டும் அதில். என்ன எழுத? தாளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன் என்றா? தள்ளுபடிதான் ஆகும்.

மாலை தேவகி. நடந்ததைச் சொன்னேன். திட்டவில்லை.
"நேத்து கையில இன்னாமோ எழுதி வெச்சினு நின்னீங்களே மேடம், அது இன்னா?"
முதல் கேள்வியைப் படித்தேன்: கை உள்ளே போனால் மெஷினை நிறுத்தும் சென்சாரை அன்று யார் கழற்றியது?
"அந்த சூப்பர்வைசரேதான். மெஷின் நின்னு நின்னு பீஸ் எண்ணிக்கை கொறையுதுன்னு. நேரா கேட்டா மறைக்கத் தெரியாது மேடம் அந்த ஆளுக்கு." பிறகு, "அடுத்தது படிங்க."
பதினொன்றையும் படித்தேன். பதினொன்றுக்கும் பதில் சொன்னாள்.