மாமாவைப் பத்தால் வகுத்தால்

சோதனைக் கொட்டகை,
ஜனவரி 9

என் அக்கா பெற்ற அணுகுண்டே,

நான் நலம். நீயும் நலமாக இருந்தே தீர வேண்டும் என்று இந்தக் கொட்டகையின் சக்கரவர்த்தி ஆணையிடுகிறான்.

இனிமேல் கம்பெனித் தபால் பையில், உன் ஆபீசுக்கு வரும் அளவுத் தாள்களுக்கு நடுவே, என் கடிதமும் திருட்டுத்தனமாகப் பயணம் செய்யும். போனில் பேசினால் என்ன என்று உன் அம்மா மூக்கால் அழுகிறாளாம். இரும்பு வெடிக்கிற சத்தத்தில் என் இரண்டு காதும் எப்போதோ வீரமரணம் அடைந்துவிட்டன என்று அவளிடம் சொல். அவள் தொண்டை கிழியக் கத்தினாலும் எனக்குக் கொசு தாலாட்டுப் பாடுகிற மாதிரிதான் கேட்கிறது.

இன்று ஒரு கொலை செய்தோம். காற்று ஊதும் ப்ளோயர் மெஷினின் சக்கரம், ஆள் உயரம், அசல் எஃகு. அதை அதன் இரும்புக் கூட்டுக்குள் பூட்டி, பள்ளத்தில் இறக்கி, மேலே கனத்த பலகையைப் போட்டு, சாகும்வரை சுற்றச் சொல்லித் தீர்ப்பு எழுதினேன். முதலில் முனகியது. பிறகு கெஞ்சியது. பிறகு என் பரம்பரையையே திட்டியது. கடைசியில் வெடித்தது பார், பூமி தன் பாதையிலிருந்து ஒரு கஜம் விலகிவிட்டது. நாளைக்குச் சூரியன் தாமதமாக வந்தால் யாரையும் திட்டாதே, காரணம் உன் மாமாதான். பலகையைத் தூக்கிப் பார்த்தால் சக்கரம் துண்டு துண்டு. கூடு வயிறு கிழிந்து கிடந்தது. ஆனாலும் ஒரு துண்டைக்கூட வெளியே விடவில்லை. கூட்டுக்கு வேறென்ன வேலை? சக்கரம் சாகலாம், கூட யாரையும் இழுத்துக்கொண்டு போகக் கூடாது.

ஃபிட்டர் நெட்டையை உனக்குத் தெரியும். தென்னை மரத்துக்கு மூத்தவன், தலையில் பருந்து கூடு கட்டியிருக்கிறது, மழை வந்தால் நமக்கு முன்னால் அவனுக்குத் தெரியும். நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்துக்கு நேராக வந்து வாயை அகலத் திறந்து சொல்கிறான்:

“அண்ணே, போன தடவ துண்டு பறந்து நிலாவுல குத்துச்சுன்னு எழுதினீங்களாமே. நம்ம மருமகப் பொண்ணு என்னைப் பத்தி என்ன நெனைக்கும்?”

“உன்னைப் பத்தி எங்கடா எழுதினேன்? நிலாவைப் பத்தித்தானே எழுதினேன்!”

புதுக் கூடு ஒன்று வருகிறதாம். எடை குறைவு, மேலே கீலும் போல்ட்டும் வைத்துக் கழற்றி மாட்டும் மூடி. வரைபடக்காரர் உன் மேசைக்குத்தான் அனுப்புவாராம். கம்ப்யூட்டருக்குள் ரத்தம் வராது, தெரியும். இருந்தாலும் ஒழுங்காகக் கொல். குடும்பப் பெயர் முக்கியம்.

இப்படிக்கு,
இரும்புக்கு எமன், உன் மாமா


ஜனவரி 16

கொலைகார மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. சூரியன் சரியான நேரத்துக்குத்தான் வந்தது. ஆபீஸ் பஸ்ஸை நான்தான் விட்டுவிட்டேன்.

புதுக் கூடு என் மேசைக்கு வந்துவிட்டது. வரைபடக்காரர் கம்ப்யூட்டரில் அதை ஒரு சிலையைப் போலச் செதுக்கி வைத்திருக்கிறார். போல்ட்டின் மரை வரைக்கும் வரைந்திருக்கிறார். கம்பெனிப் பெயரைப் புடைப்பு எழுத்தில் வேறு பொறித்திருக்கிறார். அவருடைய சாஃப்ட்வேரில் அதெல்லாம் அழகு. உடைத்துப் பார்க்கிற என் சாஃப்ட்வேருக்குக் கொண்டுவந்தால் அத்தனையும் தொல்லை. மொத்தக் கூட்டையும் லட்சம் பொடித் துண்டுகளாக நறுக்கினால்தான் கணக்கே ஓடும். கம்பெனிப் பெயரில் இருக்கிற ஒரு சுழி எழுத்தில் சிக்கிக்கொண்டு அது ஒருநாள் முழுக்க நகரவில்லை. அதனால் பொடிசுகளையெல்லாம் துடைத்துவிட்டேன். எழுத்து போச்சு, சின்ன ஓட்டைகள் போச்சு, போல்ட் போச்சு. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் பாகங்களைச் சாஃப்ட்வேரே கண்டுபிடித்துச் சேர்த்துக்கொள்ளும். பாதி வேலை மிச்சம்.

உங்கள் கடிதத்தையும் அம்மா அப்படித்தான் சுத்தம் செய்து படிக்கச் சொல்கிறாள். “உங்க மாமன் எது சொன்னாலும் பத்தால வகுத்துக்கோடீ. சின்ன வயசுல நாய் துரத்துச்சுன்னு வந்து சிங்கம்னு சொன்னவன்” என்கிறாள்.

நெட்டை மாமாவுக்கு என் வணக்கம். அவரைப் பத்தால் வகுத்தால் கோழிக்குஞ்சு உயரம்தான் வருகிறது, வருத்தப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
அணுகுண்டு


சோதனைக் கொட்டகை,
பிப்ரவரி 6

வீரத் திருமகளே,

உன் அறிக்கை வந்து இறங்கியது. கூடும் தாங்கியதாம், மூடியும் தாங்கியதாம், பக்கம் பக்கமாக வண்ணப் படம் வேறு. மேனேஜர் அதைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். உன் கையெழுத்தைத் தொட்டுக் காட்டி, “உங்க மருமக கம்ப்யூட்டர்லயே உடைச்சுப் பாத்துட்டாங்க. இன்னொரு சக்கரத்த எதுக்குக் கொல்லணும்? பள்ளம் வேண்டாம், நேரா ஓட்டுங்க” என்றார்.

ஆக, என் அக்கா மகள் என் வாயில் மண்ணைப் போட்டுவிட்டாள். இருபது அரசர்கள் படையெடுத்து வந்தும் கைப்பற்ற முடியாத என் பள்ளத்தை ஒரு சின்னப் பெண் நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூடிவிட்டாள். பெருமையில் என் மார்பு விரிந்து சட்டைப் பொத்தான் தெறித்து, நெட்டையின் மூக்கை உடைத்தது. முதல் சில மெஷின்கள் வெளியூர்களுக்கு லாரி ஏறியும் போய்விட்டன.

ஆனால் கேள். நம் கொட்டகையில், தரையில் வைத்து ஒன்றை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அந்த மூடி சரியில்லை. வேகம் ஏறும்போது என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. ஒரு சாண் திறந்து மூடுகிறது. உள்ளேயிருந்து காற்று வந்து என் மீசையை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வாரிவிடுகிறது. போல்ட்டெல்லாம் பேய் பிடித்து ஆடுகின்றன. நேற்று அந்த மூடி என்னைக் கடித்துத் தின்ன எழுந்து வந்தது. நெட்டை அதை ஸ்பேனரால் மண்டையில் அடித்துப் படுக்கவைத்தான்.

மேனேஜரிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார். “உங்க கதைய கேட்டா பொழுது போறதே தெரியல” என்று டீ வாங்கிக் கொடுத்தார்.

நீயாவது அந்த மூடியை இன்னொரு தடவை பார். சக்கரவர்த்தி கெஞ்சுகிறான். சரித்திரத்தில் இது முதல் முறை, எழுதி வைத்துக்கொள்.

இப்படிக்கு,
பள்ளம் இழந்த பேரரசன், உன் மாமா


பிப்ரவரி 13

ராஜ்ஜியம் பறிபோன மாமாவுக்கு,

கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைக்காரிக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்குப் புரையேறிவிட்டது. மூடி எழுந்து வந்து கடித்ததாமே!

ஒரு சாண் என்றீர்கள். பத்தால் வகுத்தேன், ஒரு விரல் வந்தது. எழுதினது நீங்களாயிற்றே என்று இன்னொரு தடவை வகுத்தேன், ஒரு நாணயத்தின் கனம் வந்தது. அந்த நாணயத்தை உங்கள் மூக்குக் கண்ணாடிக்குக் காணிக்கையாக விட்டுவிட்டேன். என் கணக்கில் மூடி மயிரிழைகூட அசையவில்லை மாமா. நிம்மதியாக ஓட்டுங்கள். உங்கள் பள்ளத்தைப் பிடுங்கிக்கொண்ட கோபம் உங்களுக்கு. அதுதான் மூடியின் வாயில் பல்லாக முளைக்கிறது.

எனக்கு வேறு வேலை வந்துவிட்டது, ஒரு தண்ணீர் பம்ப். அதையும் கொல்ல வேண்டும். கண் டாக்டரைப் பாருங்கள். அம்மா கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

அன்புடன்,
அணுகுண்டு


பிப்ரவரி 22

மருமகளே,

இந்தக் கடிதத்தில் எதையும் வகுக்காதே.

செவ்வாய்க்கிழமை காலை டீக்கு முன்பு மூடி பறந்தது. சக்கரத்தின் ஒரு இதழ் முறிந்து உள்ளேயிருந்து மூடியை அடித்தது. போல்ட் எல்லாம் அறுந்தன. மூடி பக்கவாட்டில் போனது. அங்கே நெட்டை நின்றுகொண்டிருந்தான். ஆயில் அளவு பார்த்துக்கொண்டிருந்தான்.

மார்புக்குக் கீழே பட்டது. அவன் விழவில்லை. பின்னால் இருந்த இரும்புத் தூணுக்கும் மூடிக்கும் நடுவில் நின்றுகொண்டே இருந்தான். கண் திறந்திருந்தது. என்னைப் பார்த்து ஏதோ சொன்னான். எனக்குக் கேட்காது. எப்போதும் என்னிடம் வாயை அகலத் திறந்துதான் பேசுவான். அன்றைக்குத் திறக்க முடியவில்லை. என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியாது.

மூடியை நாங்கள் இழுத்து எடுத்தபோது அவன் என் மேல் சாய்ந்தான். சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்தோம். அவனுக்கு அது போதவில்லை. கால் இரண்டும் வெளியே தொங்கின. நான் பிடித்துக்கொண்டே போனேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே போய்விட்டான்.

திரும்பி வந்தேன். மேனேஜர் உன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, “படத்துல தாங்குச்சே, படத்துல தாங்குச்சே” என்றார். அவர் வாயசைவு எனக்கு நன்றாகப் புரிந்தது. அடித்தேன். இரண்டு பல். விழுந்த பிறகும் அடித்தேன். சிலர் என்னைப் பிடித்து இழுத்தார்கள். சிலர் கூடச் சேர்ந்துகொண்டார்கள். ஆபீஸ் அறைக் கண்ணாடி, மேசை, அவருடைய கார், எதையும் விடவில்லை. போலீஸ் வந்த பிறகுதான் நின்றது. என்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள்.

ஒன்று கேட்க வேண்டும். நான் பார்த்தபோது அந்த மூடி திறந்தது. உன் கணக்கில் எப்படித் திறக்காமல் இருந்தது?

மாமா


பிப்ரவரி 27

மாமா,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றே அந்தக் கூட்டின் கம்ப்யூட்டர் மாதிரியைத் திறந்தேன்.

நான் போல்ட்டைத் துடைத்துவிட்டேன் என்று எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். துடைத்தால் அதற்கு ஈடாக வேறு பிடிமானம் கொடுக்க வேண்டும். நான் கொடுக்கவில்லை. மூடி கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டுக்கொண்டிருக்கிற எதையும், நாமாக மாற்றிச் சொல்லாத வரை, சாஃப்ட்வேர் ஒட்டியதாகவே எடுத்துக்கொள்ளும். பசை போட்டு ஒட்டியது போலக்கூட இல்லை. ஒரே இரும்பில் வார்த்தது போல. அந்த மூடி திறக்கவே முடியாத மூடி. நான் உடைத்துப் பார்த்தது அதைத்தான். அப்படி ஒரு மெஷின் உலகத்தில் எங்கேயும் இல்லை.

உங்கள் ஒரு சாணை நான் இரண்டு தடவை வகுத்தேன். அப்போதும் ஒரு நாணயம் மிஞ்சியது. என் கணக்கில் பூஜ்யம். எத்தனை தடவை வகுத்தாலும் பூஜ்யம் வராது மாமா. அந்த ஒரு நாணயத்துக்காக நான் மாதிரியைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சாப்பிடப் போய்விட்டேன்.

போல்ட்டை வைத்து மறுபடி ஓட்டினேன். கீல் பக்கத்து போல்ட் முதலில் போகிறது. பிறகு மற்றவை. பிறகு மூடி.

இதே மூடியோடு வெளியே போன மெஷின்கள் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கின்றன. பக்கத்தில் யாராவது ஆயில் அளவு பார்த்துக்கொண்டிருப்பார்கள். என் மேலதிகாரியிடம் சொன்னேன். “வக்கீல் பாத்து சொல்லட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத. உன் கையெழுத்து இருக்கு, மாட்டப்போறது நீதான்” என்றார். என் கையெழுத்து இருக்கிறது என்பதால்தான் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. வாங்கியவர்கள் எல்லாருக்கும் நேற்று நானே எழுதிவிட்டேன். நிறுத்துங்கள், என் கணக்கு தப்பு என்று. கீழே என் பெயர். இன்று என் கம்ப்யூட்டரைப் பூட்டிவிட்டார்கள்.

நெட்டை மாமா வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. அவர் உயரத்தைப் பற்றி மட்டும்தான் நமக்குள் பேச்சு. நான் அங்கே வரலாமா? வர வேண்டாம் என்றால் அதையும் எழுதுங்கள். எழுதாமல் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 3

அணுகுண்டே,

பதில் எழுத நாளாகிவிட்டது. உட்கார்ந்தால் முதல் வரியிலேயே பேனா துள்ளிக் குதிக்கிறது, குதித்த இடத்தில் நெட்டை நிற்கிறான். கிழித்துப் போட்ட தாளை அடுக்கினால் மலை உயரம் வரும் என்று எழுதப் போனேன். அடித்துவிட்டேன். பழைய செருப்புப் பெட்டி ஒன்று நிறைந்தது. அவ்வளவுதான்.

வெளியே போன மெஷின்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள். ஓரிடத்தில் மூடியைக் கழற்றினார்களாம். கீல் பக்கத்து போல்ட் பாதி அறுந்து, நூலில் தொங்குகிற பல் மாதிரி இருந்ததாம். அந்த மெஷினை ஓட்டுகிற பெண் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். உன் கடிதம் நாலு நாள் கழித்துப் போயிருந்தால் அவள் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

என் மேல் போட்ட வழக்கு நடக்கிறது. ஆனால் பள்ளத்தில் கொலை செய்யத் தெரிந்த வேறு ஆள் இல்லை என்பதால் கூப்பிட்டுக்கொண்டார்கள். போன வாரம் அதே ரக மூடி போட்ட மெஷின் ஒன்றைப் பள்ளத்தில் இறக்கினோம். மேனேஜர் புதுப் பல்லோடு வந்து தூரத்தில் நின்றார். சக்கரம் வெடித்தது. மூடி பலகையை மோதிக் குழியாக்கிவிட்டு உள்ளேயே விழுந்தது. இறங்கிப் பார்த்தேன். முதலில் போனது கீல் பக்கத்து போல்ட்தான். உன் இரண்டாவது கணக்கு சரி.

நெட்டை வீட்டுக்குப் போனேன். மனைவி, ஒரு மகள். மகளுக்குப் பன்னிரண்டு வயது, இப்போதே என்னைவிட உயரம். இதை வகுக்காதே. அவன் மனைவி, “கடைசியா உங்ககிட்டதான் ஏதோ சொன்னாராமே, என்ன அண்ணே சொன்னாரு?” என்று கேட்டாள். எத்தனை அழகான பொய் என்னிடம் இருந்தது தெரியுமா? ஊரே உட்கார்ந்து அழுகிற மாதிரி ஒன்று சொல்லியிருக்கலாம். எனக்குக் கேட்கலம்மா என்றேன். அவள் ரொம்ப நேரம் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீ வேலையை இழந்துவிட்டு உன் அம்மா வீட்டில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாயாம். அக்கா எழுதியிருந்தாள். இப்படி மூடிக்கொண்டு கிடக்க உனக்கு என்ன உரிமை? கிளம்பி வா. முதலில் நெட்டை வீட்டுக்குப் போகலாம். அவன் மகள் உன்னை என்ன கேட்பாளோ தெரியாது, கேட்டால் எனக்கு எழுதினது போலவே சொல். அப்புறம் பள்ளத்துக்கு வா. நீ கணக்கில் உடைக்கிற ஒவ்வொன்றும் உன் கண் முன்னால் ஒரு தடவையாவது உடையட்டும். எங்கே நிற்கக் கூடாது என்று நான் காட்டுகிறேன்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று எழுத நினைத்தேன். இருக்கிறது. மூன்று உலகத்தையும் எரித்து, சாம்பலைக் கரைத்துக் குடித்தாலும் அடங்காத கோபம். வேண்டுமானால் அதைப் பத்தால் வகுத்துக்கொள். மிச்சம் வருவதை நேரில் வந்து வாங்கிக்கொள்.

உன் மாமா