ஹெல்மெட்டோடு வந்தார்

ஞாயிறு இரவு

தூக்கமே வரவில்லை. தேர்த் திருவிழாவில் கோயில்காரர்களோடு போட்ட சண்டைக்குப் பிறகு வீட்டுக்காரர் மாதா கோயிலுக்குள் கால் வைத்ததில்லை. ஆனாலும் வாராவாரம் கிள்ளையிலிருந்து சிதம்பரத்துக்கு என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டு, பூசை முடியும்வரை வெளியே நிற்பார். அந்த வண்டியும் அவரைப் போலத்தான், உதைத்தாலும் கிளம்பாது. உள்ளே வாங்க என்று நான் கேட்டதேயில்லை, வேண்டிக்கொள்வதோடு சரி.

இன்று கோயிலில் திருக்குடும்ப விழா. தம்பதிகள் கைகோத்துக் கல்யாண வாக்குறுதியைத் திரும்பச் சொல்லணும் என்று மைக்கில் ஃபாதர் கூப்பிட்டார். எல்லாரும் எழுந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

"எந்திரி மேரி, ஒக்காந்துக்குனே கையக் குடுப்பியா?"

அவரேதான், தலையில் ஹெல்மெட்டோடு!

"மொதல்ல அதக் கழட்டுங்க."

"அவுங்கல்லாம் மூஞ்சியப் பாப்பாங்க. நீ கையக் குடு."

சிரிப்பில் எனக்குப் பாதி வாக்குறுதி வரவில்லை. அவர் முழுசாகச் சொன்னார், சத்தமாக.

வீட்டுக்கு வந்ததும் ஹெல்மெட்டைச் சிலுவைக்குப் பக்கத்து ஆணியில் மாட்டியிருக்கிறேன். அடுத்த வாரமும் உள்ளே வருவாரா? கேட்கமாட்டேன்.